கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகினால்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

பைக்கில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரின் அடியில் ஈரம் தெரிந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது பலருக்கும் வழக்கம். அப்படிக் கழற்றிய கார்புரேட்டரைத் துடைத்து, ஊதி, திரும்பப் பூட்டிய பிறகும் மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே ஈரம் இருப்பதைப் பார்த்தவர்கள் ஏராளம். பெட்ரோல் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். மேலே டேங்கிலிருந்து வரும் ஓஸ் மாட்டும் இடத்தில் கசிகிற பெட்ரோல் கார்புரேட்டரின் உடல் மீது வழிந்து, அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணமான பவுலின் பக்கவாட்டில் இறங்கி, எல்லாவற்றுக்கும் கீழே துருத்திக்கொண்டிருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவின் (பவுலை வடிக்கத் திறக்கும் திருகு) நுனியிலிருந்து சொட்டும். பார்ப்பவர் டிரெய்ன் ஸ்க்ரூவின் மேல் பழி போடுவார். ஆகவே வண்டி எந்த ஸ்டாண்டில் நிற்கும்போது, டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப் திறந்திருக்கும்போதா மூடியிருக்கும்போதா, எஞ்சின் ஓடும்போதா நிற்கும்போதா, எந்த வாய் வழியாக ஒழுகுகிறது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கழற்றிய மறுகணமே அந்தத் தடயங்கள் அழிந்துவிடும்.

தொடங்கும் முன்

பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் பொருள். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து, சற்றுத் தள்ளி எரிகிற அடுப்பையோ விளக்கையோ தேடிப் போகும். எனவே இந்த வேலையைத் திறந்தவெளியில், எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். வடிக்கும் பெட்ரோலைப் பிடிக்க உலோகப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கோப்பைகளில் சில பெட்ரோல் பட்டவுடன் குழைந்து அடி கழன்றுவிடும். ஸ்க்ரூ டிரைவரைப் பற்றியும் ஒரு சொல்: ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்புரேட்டர்களின் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் பார்வைக்குச் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூவைப் போலவே இருந்தாலும் அவற்றின் வெட்டு சற்று வேறானது. பொருந்தாத டிரைவரைப் போட்டு அழுத்தித் திருகினால் தலை மழுங்கி, அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகிவிடும்.

அடுத்து, கார்புரேட்டரின் வெளிப்புறம் முழுவதையும் துணியால் துடைத்துக் காய விடுங்கள். காய்ந்த பரப்பின் மேல் சாக்பீஸ் தூளை மெல்லிதாகத் தூவி, டேப்பைத் திறந்து காத்திருந்தால், முதலில் கறுக்கிற கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசிவின் இடம். கண்ணால் பார்த்து ஊகிப்பதைவிட இந்தத் தூள் பலமடங்கு நம்பகமானது.

டேப் திறந்திருக்கும்போது ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து சொட்டுகிறது

மிக அதிகமாக வரும் புகார் இது என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பவுலில் பெட்ரோல் நிறைய நிறைய மிதவை மேலெழும். மிதவையின் நடுவில் உள்ள சிறு உலோக நாக்கு ஊசியைத் தள்ளும். ஊசியின் நுனி, பெட்ரோல் உள்ளே வரும் துளையின் வாயான சீட்டில் அமர்ந்து வரத்தை அடைக்கும். இந்தச் சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி வேலை செய்யாவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே போய், பவுலுக்குள் செங்குத்தாக நிற்கும் பித்தளைக் குழாயின் உச்சியைத் தாண்டி, கீழே உள்ள முனை வழியாக வெளியேறும். அந்த வகையில் ஓவர்ஃப்ளோ குழாய் சொட்டுவது கார்புரேட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. சொட்டுவதை நிறுத்த அதன் வாயை அடைத்து வைப்பவர்கள் உண்டு. அப்படி அடைத்தால் அதே பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும்.

ஆனால் பல கார்புரேட்டர்களில் இந்தப் பித்தளைக் குழாயும் டிரெய்ன் ஸ்க்ரூவின் வழியும் பவுலின் அடியில் ஒரே முனையில்தான் வந்து சேர்கின்றன. ஆகவே அந்த ஒரு முனையில் தெரியும் சொட்டுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: ஊசி அடைக்காததால் மட்டம் ஏறியிருக்கலாம், பித்தளைக் குழாயில் விரிசல் இருக்கலாம், அல்லது டிரெய்ன் ஸ்க்ரூ சரியாக மூடாமல் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய எதையும் கழற்ற வேண்டியதில்லை. சொட்டிக்கொண்டிருக்கும்போதே டேப்பை மூடிவிட்டு, கீழே ஒரு பாத்திரத்தை வைத்துக் கவனியுங்கள். மட்டம் குழாயின் உச்சிக்குக் கீழே இறங்கியதும் சில சொட்டுகளோடு நின்றுவிட்டால் குற்றம் ஊசியிலோ மிதவையிலோ இருக்கிறது. டேப்பை மூடிய பிறகும் விடாமல் சொட்டி, பவுலில் உள்ள பெட்ரோல் கணிசமாக வடிந்துவிட்டால் ஊசியைத் தேட வேண்டாம். விரிசலையோ டிரெய்ன் ஸ்க்ரூவையோ தேடுங்கள். டேப் முழுமையாக மூடுகிறதா என்பதில் சந்தேகம் இருந்தால் ஓஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

இந்தச் சோதனையை நான் கற்றுக்கொண்டது பட்ட பிறகுதான். என் வண்டியின் ஓவர்ஃப்ளோவுக்கு ஊசியை மாற்றினேன், நிற்கவில்லை. மட்டமான உதிரிபாகம் என்று நினைத்து இன்னொரு ஊசியை வாங்கிப் போட்டேன், அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் பவுலை மட்டும் தனியாகக் கையில் வைத்து, பித்தளைக் குழாயின் உச்சிக்கு அரை சென்டிமீட்டர் கீழே வரை பெட்ரோல் ஊற்றி, பழைய செய்தித்தாளின் மேல் தாங்கி வைத்தேன். மட்டம் குழாயின் உச்சியைத் தொடவே இல்லை. ஆனாலும் பத்து நிமிடத்தில் தாளில் நாணய அளவு வட்டம் விரிந்திருந்தது. குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, மேலிருந்து கீழாக முடியிழை போன்ற ஒரு கோடு. பழைய பவுல்களில் இந்த விரிசல் அபூர்வமில்லை. பவுலை மாற்றுவதே இதற்குச் சரியான தீர்வு. பசைகள் பெட்ரோலில் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பதில்லை.

சோதனை ஊசியைக் காட்டினால், கழற்றுவதற்கு முன் இரண்டு எளிய முயற்சிகள் செய்யலாம். டேப்பைத் திறந்து வைத்து, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பவுலின் பக்கவாட்டில் மெதுவாக நான்கைந்து தட்டுத் தட்டுங்கள். நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டியில் மிதவையோ ஊசியோ பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் இதிலேயே விடுபடும். பலன் இல்லையென்றால் டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து, வடிகிற பெட்ரோலை வெள்ளைத் துணியில் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் செம்பழுப்புத் தூள் படிந்தால் டேங்கின் துரு கீழே வந்திருக்கிறது. முத்து முத்தாக உருளும் துளிகள் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. வடிக்கும்போதே அந்தத் தூசி அடித்துச் செல்லப்பட்டு ஒழுகல் நின்றுவிடுவதும் உண்டு. நின்றுவிட்டது என்பதற்காக அத்தோடு விட்டுவிடக் கூடாது. டேங்கில் துரு இருக்கும்வரை அது திரும்ப வரும்.

பவுலைக் கழற்றியதும் மிதவையின் அச்சான ஃப்ளோட் பின்னைத் தள்ளி எடுத்து, மிதவையையும் ஊசியையும் ஒன்றாகத் தூக்குங்கள். பின்னைத் தாங்கும் இரு தூண்களும் மென்மையான வார்ப்பு உலோகத்தால் ஆனவை. பின் இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காமல், தூணுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, துரு நீக்கி எண்ணெய் தெளித்து ஊற விட்ட பின் தள்ள வேண்டும். தூண் உடைந்தால் கார்புரேட்டரின் உடலையே மாற்ற நேரிடும்.

ஊசியின் கூம்பு நுனியை நகத்தால் வருடிப் பாருங்கள். நுனியைச் சுற்றி மோதிரம் போட்டது போன்ற பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் அந்த ஊசி முடிந்துவிட்டது. ஊசியின் மறுமுனையில் சிறு ஸ்பிரிங் மேல் நிற்கும் பொட்டு இருந்தால், விரலால் அழுத்தி விட்டதும் அது தானாக மேலே வர வேண்டும். நுனி ரப்பரால் ஆனது என்றால் உப்புத்தாள் போடுவது பற்றி நினைக்கவே வேண்டாம். அடுத்தது சீட். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் கார்புரேட்டர் கிளீனரைத் தொட்டு, சீட்டுக்குள் விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு கறுப்பாகவோ பச்சையாகவோ வந்தால் சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றிச் சுழற்றுங்கள். பலர் தவறவிடும் ஓர் இடம் இங்கே இருக்கிறது: சில கார்புரேட்டர்களில் சீட் தனியாகக் கழலும் துண்டு, அதைச் சுற்றி ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அல்லது அடியில் ஒரு வாஷர் இருக்கும். அந்த ஓ-ரிங் காய்ந்து சுருங்கியிருந்தால் ஊசி எவ்வளவு நன்றாக அமர்ந்தாலும் பெட்ரோல் சீட்டுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

ஊசியும் சீட்டும் நன்றாக இருந்தால் மிதவையைப் பாருங்கள். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலப்பது கேட்கும். சத்தம் தெளிவில்லாவிட்டால் வெந்நீரில் அமிழ்த்திப் பிடியுங்கள், ஓட்டை உள்ள இடத்திலிருந்து குமிழி வரும். ஈயம் வைத்து அடைத்தால் மிதவையின் எடை கூடி மட்டமும் கூடும். அதனால் மாற்றிவிடுவதே நல்லது. மிதவை பவுலின் சுவரில் உரசுவதாலும் மட்டம் ஏறும். உரசிய இடம் மிதவையின் பக்கவாட்டில் பளபளப்பாகத் தெரியும்.

கடைசியாக மிதவையின் உயரம். கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, மிதவையின் நாக்கு ஊசியின் ஸ்பிரிங் பொட்டைத் தொட்டும் தொடாமலும், அதை அமுக்காமல் இருக்கும் நிலையில் நிறுத்தி, பவுலின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் அமரும் பரப்பிலிருந்து மிதவையின் மறுவிளிம்பு வரை அளக்க வேண்டும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள மில்லிமீட்டர் கணக்கைத்தான் பின்பற்ற வேண்டும். நாக்கை ஊசியின் பக்கமாக மிகச் சிறிதளவு வளைத்தால் ஊசி முன்னதாகவே அடைத்து மட்டம் இறங்கும். எதிர்ப்பக்கம் வளைத்தால் மட்டம் ஏறும். ஒழுகக் கூடாது என்ற பயத்தில் தேவைக்கு மேல் மட்டத்தை இறக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது ஒழுகல் நிற்கும், ஆனால் வேகமெடுக்கும்போது பெட்ரோல் போதாமல் வண்டி திணறும். முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன மிதவைகளில் வளைப்பதற்கு நாக்கே இருக்காது. அளவு தவறினால் பாகத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பூட்டும் முன் ஊசி அடைக்கிறதா என்பதைச் சரிபார்க்கலாம். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் நுழையும் முனையில் சுத்தமான, பெட்ரோல் படாத குழாயை மாட்டி மெதுவாக ஊதுங்கள். காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பியதும் காற்று தாராளமாகப் போக வேண்டும். பிரஷர் காற்றைக் கொண்டு இதைச் செய்தால் நல்ல ஊசியும் தோற்றுவிடும், மிதவையும் நெளியும்.

சுத்தம் செய்து பூட்டிய பிறகுதான் ஒழுகத் தொடங்கியது

இது பாகங்களின் பழுதாக இருப்பது அரிது. பெரும்பாலும் பூட்டியதில் நேர்ந்த பிசகு. ஊசியை நாக்கோடு இணைக்கும் மெல்லிய கம்பிக் கொக்கி நாக்கின் மேல் மாட்டாமல் பக்கத்தில் நழுவியிருக்கலாம்; ஃப்ளோட் பின் முழுதாக உள்ளே போகாமல் ஒரு பக்கம் துருத்தி, பவுலின் சுவரில் முட்டி மிதவையைச் சாய்த்திருக்கலாம்; பவுலைப் போடும்போது மிதவை நெளிந்திருக்கலாம். ரப்பர் ஓ-ரிங்குகளைப் போட்டுவைத்தபடியே கிளீனரை வாரியடித்ததால் அவை உப்பிப் பள்ளத்தில் அடங்காமல் போயிருக்கவும் கூடும். உப்பிய ஓ-ரிங்கை அழுத்தித் திணிக்காதீர்கள். புதிதாக ஒன்றைப் போடுங்கள்.

சைடு ஸ்டாண்டில் மட்டும் சொட்டுகிறது, சென்டர் ஸ்டாண்டில் இல்லை

சாய்வில் பவுலின் ஒரு பக்கம் மட்டம் உயர்வதால், ஏற்கெனவே விளிம்பில் இருக்கிற மட்டம் குழாயின் உச்சியைத் தொட்டுவிடுகிறது. மிதவையின் உயரம் ஓரிரண்டு மில்லிமீட்டர் தவறியிருப்பதற்கே இது முதல் அடையாளம். நேராக நிறுத்தும்போது ஒழுகவில்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் கரியாகவே இருக்கும். ஃப்ளோட் பின்னோ அது நுழையும் துளையோ தேய்ந்து, மிதவை பக்கவாட்டில் ஆடினாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது

முதலில் டேப் எந்த வகை என்று பாருங்கள். எஞ்சினின் உறிஞ்சலால் திறக்கும் வாக்குவம் டேப் என்றால், எஞ்சின் நின்றவுடன் பெட்ரோலே வராது. ஆகவே ஊசி சாதாரணமாகவே பழுதாகியிருந்தாலும் ஓடும்போது மட்டும் ஒழுகுவதாகத் தோன்றும். இந்த வகையில் பிரைம் நிலைக்கு டேப்பைத் திருப்பினால் எஞ்சின் ஓடாமலேயே ஒழுகலைக் கொண்டுவந்து, மேலே சொன்னபடி சோதிக்கலாம். சாதாரண டேப் உள்ள வண்டியில் ஓடும்போது மட்டும் ஒழுகினால், அதிர்வில் துள்ளும் தேய்ந்த ஊசியையும், தளர்ந்த ஓஸ் கிளிப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

பவுலின் இணைப்பு ஓரத்தில் ஈரம்

கேஸ்கெட் அல்லது ஓ-ரிங் கட்டியாகி, தட்டையாகிவிட்டது. மாற்றுவதற்கு முன் பள்ளத்தைச் சுத்தம் செய்து, பவுலின் விளிம்பை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் விளிம்பு கோணலாகிவிட்டது. ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, டிரைவரைக் கைவிரல்களால் மட்டும் பிடித்து இறுக்க வேண்டும். கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிலிக்கான் பசையைத் தடவும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சாதாரணச் சிலிக்கான் பெட்ரோலில் ஊறி இழை இழையாகப் பிரிந்து, பெட்ரோல் பாயும் நுண்துளைகளான ஜெட்டுகளை அடைக்கும். அந்த இழைகளைப் பொறுக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

டிரெய்ன் ஸ்க்ரூவும் ஓஸும்

டிரெய்ன் ஸ்க்ரூவின் கூம்பு நுனியில் கோடு விழுந்திருந்தாலோ அதன் ஓ-ரிங் போயிருந்தாலோ மாற்றுங்கள். வெறுமனே மேலும் இறுக்கினால் பவுலின் மரைதான் போகும். ஓஸ் முனையில் ஈரம் இருந்தால் கெட்டியாகி வெடித்த நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவு வெட்டிவிட்டு, நீளம் போதுமானால் மீண்டும் மாட்டலாம். விரலால் மடித்ததும் வெடிப்புகள் தெரிந்தால் முழு ஓஸையும் மாற்ற வேண்டும். பழைய வண்டிகளின் ரப்பர்கள் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. அதனால் அவை வேகமாக உப்பியும் வெடித்தும் போகின்றன.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது

எல்லா அறிகுறிகளிலும் ஆபத்தானது இதுதான். ஓவர்ஃப்ளோ குழாய் இல்லாத அல்லது அது அடைபட்ட கார்புரேட்டரில் மிகுந்த பெட்ரோல் ஒன்று ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வழியும், இல்லையேல் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள்: மட்டம் முன்பைவிட ஏறியிருந்து, ஆயில் தண்ணீராய் ஓடி, பெட்ரோல் வாடை அடித்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. அதைவிட உடனடியான ஆபத்து, சிலிண்டரில் தேங்கிய திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது என்பது. அந்த நிலையில் செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இக்னிஷனை அணைத்தே வைத்து, பிளக் துளைக்கு எதிரே முகத்தை வைக்காமல் கிக்கரை மெதுவாக மிதித்துப் பெட்ரோலை வெளியேற்றுங்கள். பிறகு ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றி, ஊசியின் பழுதைத் தீர்த்த பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வாக்குவம் டேப்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தாள் கிழிந்தாலும் பெட்ரோல் நேராக வாக்குவம் குழாய் வழியே இன்டேக்குக்குப் போகும். அந்தக் குழாயைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கவே கூடாது.

டேப்பை மூடியும் ஒழுகல் தொடர்கிறது

பவுலில் இருந்த பெட்ரோல் வடிந்து தீர்ந்திருக்க வேண்டிய நேரம் கடந்த பிறகும் ஒழுகினால் பழுது இரண்டு. முன்பு சொன்ன ஊசி, விரிசல், டிரெய்ன் ஸ்க்ரூ ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் பழுது ஒன்று, டேப் மூடாதது இன்னொன்று. ஓஸின் கீழ் முனையைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, டேப்பை மூடிய நிலையில் பதினைந்து நிமிடம் வையுங்கள். ஓஸில் தங்கியிருந்தது வடிந்த பிறகு ஒரு சொட்டு விழுந்தாலும் டேப்பின் உள் ரப்பரை மாற்றியாக வேண்டும். டேப்பைக் கழற்றும்போது டேங்கின் உள்ளே நிற்கும் வலைச் சல்லடையையும் பாருங்கள். கிழிந்திருந்தால் துரு எந்த வழியாக ஊசியை அடைந்தது என்பதற்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். டேங்கைச் சுத்தம் செய்து, ஓஸின் நடுவில் ஒரு சிறு பெட்ரோல் ஃபில்டரை மாட்டும் வரை புதிய ஊசிக்கும் பழைய ஊசியின் கதிதான். ஃபில்டரில் உள்ள அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கி இருக்க வேண்டும். ஓஸ் எங்கும் மடங்கக் கூடாது, எஞ்சினின் சூடான பாகத்தைத் தொடவும் கூடாது.

எல்லாம் பூட்டியதும் அடியில் உலர்ந்த காகிதத்தை விரித்து, டேப்பைத் திறந்து அரை மணி நேரம் சென்டர் ஸ்டாண்டிலும், அரை மணி நேரம் சைடு ஸ்டாண்டிலும் நிறுத்திப் பாருங்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது தாங்கிய ஊசி, நிரம்பிய டேங்கின் அழுத்தத்தில் தோற்றுவிடலாம் என்பதால், அடுத்த முறை டேங்கை நிரப்பிய அன்றும் இதே காகிதச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.